திட்டினால்தான் நிற்கும் ஜிலேபி

ஒரு குதிரைக்குப் பிடரி மயிர் வாரிவிட எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி என்பார்கள், வாரிப் பார்க்காதவர்கள். ஜிலேபிக்கு ஒன்றரை மணி நேரம். அதில் பாதி, உதை வாங்காமல் தப்பிப்பதிலேயே போய்விடும். இசக்கிசெல்விக்கு இந்தக் கொடுமை தினமும் காலையில்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து அவள் ஒரகடத்துக்கு வந்தது ஒன்றும் குதிரை மேய்க்க அல்ல. செல்போன் கம்பெனியில் நாலு வருஷம் அசெம்பிளி லைனில் நின்றாள். காண்ட்ராக்ட் முடிந்தது என்று ஒரு நாள் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போனால் அண்ணன் உடனே கல்யாணம் முடித்துவிடுவான் என்று ஹாஸ்டலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு, கோதண்டராமனின் குதிரைக் கொட்டகையில் வேலை கிடைத்தது. அவர் உள்ளூர்க்காரர். கம்பெனி அதிகாரிகளின் பிள்ளைகள் சவாரி பழக நாலு குதிரை வைத்திருந்தார். மூன்று தங்கமானவை. நாலாவதுதான் ஜிலேபி.

பெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். பிடரியில் சீப்பு பட்டதும் அந்தப் பெண்குதிரை காதைப் பின்னால் மடக்கும், தோலைச் சிலிர்க்கும், வாளியை எட்டி உதைக்கும். போன தீபாவளிக்கு யாரோ கொளுத்திய சரவெடிக்கு மிரண்டு கம்பி வேலியில் பாய்ந்து, முன்னங்காலில் பதினோரு தையல். இசக்கிசெல்வி வெல்லம் கொடுத்துப் பார்த்தாள். எண்ணெய் தடவி, நுனியிலிருந்து விரலாலேயே சிக்கெடுத்துப் பார்த்தாள். எதற்கும் மசியவில்லை. ஒரு நாள் பொறுமை போய்க் கத்திவிட்டாள்.

"ஏட்டி சவத்து மூதி! ஊர்ல இல்லாத கூந்தலாட்டி ஒனக்கு? எனக்குந்தான் தலை வலிக்கி, நான் யாரப் போயி ஒதச்சேன்?"

ஜிலேபி அசையாமல் நின்றது. அவள் வாயை மூடியதும் துள்ளியது. திட்டினால் நின்றது. அடக் கடவுளே, இதென்ன பிறவி!

அன்றிலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரம் திட்டு. குதிரையை எவ்வளவுதான் திட்டுவது? பாத்ரூம் போனால் வாட்சைப் பார்த்த சூப்பர்வைசர், ஹாஸ்டல் சாம்பார், அண்ணன், அவன் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளையின் மீசை எல்லாவற்றையும் ஜிலேபியின் காதில் கொட்டினாள். தொண்டை கட்டிப்போகும். பிடரி மட்டும் பட்டு மாதிரி விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை கோதண்டராமன் வந்தார். "ஞாயித்துக்கிழமை வாலாஜாபாத் நரசிம்மன் வராரு. ஜிலேபியை அவர்கிட்ட தள்ளிவுடப் போறேன். நல்லா சீவி, பின்னல் போட்டு வை."

நரசிம்மன் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். பேண்டு மேளம், முச்சந்திக்கு முச்சந்தி சரவெடி.

"சார், அது வெடிச் சத்தம் தாங்காதே. தீவாளிக்குப் பாத்தீங்கள்லா?"

"எல்லாம் பழகிடும்மா."

ஞாயிற்றுக்கிழமை பின்னல் போட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. நரசிம்மன் சுற்றி வந்து பார்த்தார். "இன்னாம்மா, கல்யாணப் பொண்ணாட்டம் கீது!"

"அண்ணாச்சி, இது சத்தத்துக்கு மிரளும். ஆள இழுத்துப் போட்டுரும்."

"காதுல பஞ்ச வெச்சி, தொடையில ரெண்டு போட்டா தானா நிக்கும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இசக்கிசெல்விக்கு ஆத்திரத்தில் முகம் எரிந்தது.

நரசிம்மனின் ஆட்கள் குதிரையை ஏற்ற வண்டிக்குப் பலகை சாய்த்தார்கள். ஜிலேபி ஏறவில்லை. முன்னால் இரண்டு பேர் கயிற்றை இழுக்க, பின்னால் இரண்டு பேர் தள்ள, அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டது.

"இசக்கி, ரெண்டு வார்த்தை திட்டும்மா. ஏறிடும்," என்றார் கோதண்டராமன்.

ஏறிவிடும். அது அவளுக்கும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

"வாயில இன்னா கொழுக்கட்டையா? திட்டுன்றேன்!"

ஒருவன் குச்சியால் ஜிலேபியின் தொடையில் போட்டான். அது கண்ணை உருட்டி அவளைத்தான் தேடியது. ஒரு 'ஏட்டி' போதும், நடுக்கம் நின்றுவிடும். நின்றால் வண்டிக்குள் போய்விடும். இசக்கிசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இரண்டாவது அடி விழுந்தது. மூன்றாவது விழுவதற்குள் ஜிலேபி பின்னங்கால் இரண்டையும் தூக்கி உதைத்தது. பலகை பிளந்தது. அடித்தவன் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினான்.

நரசிம்மன் பலகையைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். "மாப்பிள்ளைய ரோட்டுல உருட்டி வுட்டுச்சின்னா பொண்ணு வூட்டுக்காரன் என்னைத்தான் உதைப்பான். வேணாம்பா, ஆள வுடு." வெறும் வண்டியோடு போய்விட்டார்.

கோதண்டராமன் குதிகுதியென்று குதித்தார். "உன்னை இப்பவே வேலைய வுட்டுத் தொரத்தணும். தொரத்திட்டா இந்தச் சனியனை எவன் கட்டி மேய்க்கிறது?" பதிலுக்குக் காத்திராமல் பைக்கை உதைத்துக் கிளம்பினார்.

பின்னல் அத்தனையும் பிய்ந்து கயிற்றோடு முறுக்கிக்கொண்டிருந்தது. தொடையில் இரண்டு கோடு தடித்திருந்தது. இசக்கிசெல்வி சீப்பை எடுத்துக்கொண்டு திட்டத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அவள் அழுது முடிக்கும் வரை ஜிலேபி அசையாமல் நின்றது.