சந்தனம் பட்ட 1155 பற்கள்

ஆயுத பூஜை அன்று காலை பத்தேகால் மணிக்கு என் தங்கையின் பிழைப்பைக் கெடுத்தேன். நேரத்தை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. பாகூர் ஏரி கலங்கல் வழிந்த நாள், மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டிய நாள், ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த நாள் என்று எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைப்பவன் நான். அன்றைய பக்கத்தில் "10.15, சிப்பைக் கழற்றினேன்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

தங்கை கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையை ஒட்டி ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறாள். கடையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் அச்சு மிஷினை ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. மிஷினோடு வந்த கார்டு ஒன்று அதன் போர்டில் சொருகியிருக்கிறது. அந்தக் கார்டுக்கான ஸ்லாட் இப்போது வரும் போர்டுகளில் கிடையாது. அதனால் அந்தப் பழைய போர்டு நின்றால் மிஷின் வெறும் இரும்பு.

"அண்ணே, சும்மாதான நிக்கற? பொட்டியத் தொறந்து தூசு தட்டு. வெளிய மட்டும் பொட்டு வெச்சா போதுமா?" என்றாள்.

திறந்தேன். தூசியைத் தட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். மின்விசிறியைத் தூக்கியபோது, கம்ப்யூட்டருக்கு மூளையான சிப்பின் தலையில் வெள்ளையாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"இன்னாடி இது?"

"போன வருஷத்து சந்தனமா இருக்கும். எங்க வூட்டுக்காரருதான் வெச்சாரு."

"உள்ளயா?"

"சூடாவுற எடம்னு வெச்சிருப்பாரு. சந்தனம் குளிர்ச்சிதான?"

அது சந்தனம் இல்லை, சிப்பின் சூட்டை மேலே உள்ள அலுமினியத்துக்குக் கடத்தும் பசை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்தவன்தான். ஆனால் பூஜை நாளில் தங்கை சொன்னது படித்ததைவிடப் பொருத்தமாகப் பட்டது. சுரண்டித் துடைத்தேன். அடியிலும் அழுக்கு இருக்குமோ என்று பூட்டியிருந்த நெம்புகோலைத் தூக்கிச் சிப்பையும் வெளியே எடுத்தேன். அதன் தலையில் புதிதாகச் சந்தனம் வைத்தேன், நடுவில் குங்குமமும். விரலிலிருந்து ஒரு சொட்டு, சிப்பு உட்கார்ந்திருந்த சாக்கெட்டில் விழுந்தது. தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தேன். துண்டின் நூல் எதிலோ மாட்டிச் சுருக்கென்று இழுபட்டது.

குனிந்து பார்த்தேன். ஒன்றரை அங்குலச் சதுரத்துக்குள் பொன்னிறத்தில் வரிசை வரிசையாக நின்றிருந்த ஊசிகளில் ஒரு மூலை, மழைக்குச் சாய்ந்த நெல்லைப் போலப் படுத்திருந்தது. சிப்பை வைத்து மூடி, மின்சாரம் கொடுத்தோம். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலைக்குள் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஐந்து பேனர் கொடுக்க வேண்டும். தங்கை என்னைத் திட்டவில்லை. பேனர் கேட்ட வீட்டுக்குப் போன் செய்ய எடுத்தாள், பிறகு செய்யாமல் வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

புதுச்சேரி டவுனில் ஒரு கடைக்காரர் போனில் நம்பிக்கை கொடுத்தார். தங்கையின் சாக்கெட் 1155, அதாவது அத்தனை ஊசி. அவரிடம் அதே ஸ்லாட் உள்ள பழைய போர்டு ஒன்று இருக்கிறதாம், 1150. அஞ்சுதானே குறைவு, பொருந்தாமலா போகும் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் விஜயதசமி. தங்கையின் போர்டைச் செய்தித்தாளில் சுற்றி, கழற்றிய சிப்பு, விசிறியோடு காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு, அந்த 1150-ஐ வாங்கி வந்தால் மாட்டித் தருவார்களா என்று கேட்க வில்லியனூருக்குக் கிளம்பினேன். தங்கை வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அம்மாளுக்கு என்னைவிட வயது சற்றுக் குறைவாக இருக்கும். விஜயதசமியன்று வேலை தொடங்குவது நல்லது என்று காலையிலேயே கடை திறந்திருந்தார்.

பையைத் திறந்து பார்த்தார்.

"மூடி இல்லாமயா தூக்கினு வந்தீங்க? கத்திரிக்கா மாதிரி?"

"மூடின்னா?"

அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். புதுப் போர்டுகளின் சாக்கெட் மேல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகளை அதில் சேர்த்து வைத்திருந்தார். எல்லாரும் முதல் நாளே தூக்கிப் போடும் பொருள். பிறகு லென்ஸை இழுத்துச் சாக்கெட்டின் மேல் நிறுத்தினார்.

"இன்னா சார் இது, பல்லுல சந்தனம்?"

தங்கை முந்திக்கொண்டாள். "குளிர்ச்சிக்குன்னு அண்ணன்தான் வெச்சாரு, அக்கா."

"நல்ல வேள, வேப்பல கட்டல."

மூன்று பேரும் சிரித்தோம். தங்கை நேற்றிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். அந்தத் தைரியத்தில் 1150 கணக்கைச் சொன்னேன்.

"அஞ்சு கொறைவுன்னு இல்ல சார், அது வேற வூடு," என்றார். "வூட்டு நம்பர் பக்கத்துல இருந்தா சாவி சேந்துடுமா?"

இரண்டு பழைய சிப்புகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரே அளவு. இரண்டின் விளிம்பிலும் இரண்டு சிறு வெட்டுகள். ஆனால் வெட்டுகள் இருக்கும் இடம் வேறு. சாக்கெட்டில் அதற்கேற்ற மேடுகள் இருக்கும். வெட்டும் மேடும் சேராவிட்டால் சிப்பு உட்காரவே உட்காராது. அவசரக்காரனும் தப்பாக மாட்ட முடியாதபடி, யாரோ முகம் தெரியாத ஒருவர் என்னை மனதில் வைத்துச் செய்தது போல இருந்தது.

அவர் அகராதியில் ஊசி என்றால் பல்லு, சாக்கெட்டுகள் மூன்று ஜாதி. பல்லு சிப்பில் இருப்பது ஒன்று: சிப்பின் அடியில் ஊசிகள், போர்டில் ஓட்டைகள். ஊசி உடைந்தால் சிப்பு போச்சு. பல்லு போர்டில் இருப்பது இன்னொன்று, தங்கையுடையது போல: சிப்பின் அடியில் தட்டையான பொன் பொட்டுகள் மட்டும், ஊசிகள் சாக்கெட்டில். உடைந்தால் போர்டு போச்சு. மூன்றாவது, லேப்டாப்பில் இருப்பது, "ஈறோட ஒட்டுனது". சாக்கெட்டே கிடையாது. சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுவார்கள், மாற்ற வழியில்லை. இவற்றின் பெயர்களை எழுத்தும் எண்ணுமாக நானும் கொஞ்சம் படித்திருக்கிறேன். ஆனால் நொறுங்கக்கூடிய பாகத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் இந்த ஜாதிகளுக்குள் உள்ள வித்தியாசம் என்று அவர் சொல்லித்தான் விளங்கியது.

லென்ஸில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊசி என்று நான் நினைத்தது ஊசி இல்லை. ஒவ்வொன்றும் வளைந்த ஒரு சின்ன வில். சிப்பின் மேல் வரும் இரும்புச் சட்டத்தை இறக்கி நெம்புகோலை அழுத்தும்போது ஆயிரத்து நூற்று ஐம்பத்தைந்து விற்களும் ஒன்றாகக் குனிந்து, தத்தம் பொட்டை அடியிலிருந்து முட்டிக்கொண்டு நிற்கும். அழுத்தும்போது நறநறவென்று ஒரு சத்தம் வருமே, நேற்று அதைக் கேட்டுத்தான் எல்லாம் முடிந்தது என்று பயந்தேன். அது எப்போதும் வரும் சத்தம்தானாம்.

"நாளைக்கு ஒரு விசேஷத்துக்கு பேனர் தரணும்க்கா. சரி பண்ணலாமா?" என்றாள் தங்கை. அவளுக்கு வில்லும் வெட்டும் வேண்டியதில்லை.

"பாக்கலாம். நாளைக்கு விசேஷம்னா இன்னிக்கு பாத்துடணும்."

பேனாவின் முனையில் தையல் ஊசியைப் பொருத்திச் செய்த கருவி அவருடையது. முதலில் சந்தனத்தை ஸ்பிரிட்டால் கரைத்தார், துணி தொடாமல், சொட்டுச் சொட்டாக விட்டு உறிஞ்சி எடுத்து. பிறகு சாய்ந்தவற்றை எண்ணினார்: பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் ஒரே தடவையில் நிமிர்த்துவதில்லை. கொஞ்சம் தூக்குவார், லென்ஸைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார், மறுபடி கொஞ்சம். இரண்டு முறை வளைத்தால் முறியும், அதனால் ஒரே பக்கமாகத்தான் தூக்க வேண்டும், தாண்டிப் போய்விட்டால் திரும்பக் கூடாது. இரண்டேகால் மணி நேரம் ஆனது. இது நாட்குறிப்பில் இருக்கிறது. அதற்குள் வாசலில் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, பேசக் கூடாது என்று அவர்களாகவே புரிந்துகொண்டு போனார்கள்.

பதினொன்று நிமிர்ந்தன. பன்னிரண்டாவது முறிந்து கையோடு வந்துவிட்டது.

தங்கை என் கையைப் பிடித்தாள். கடைக்கார அம்மாள் பதறவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நான்கு தாள்களை ஒட்டிச் செய்த ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். 1155 பற்களுக்கும் தெருவும் கதவு எண்ணும் போட்டது போல, வரிசைக்கு எழுத்து, பத்திக்கு எண். விரலை மெல்ல நகர்த்திக்கொண்டு போய் ஒரு கட்டத்தில் நிறுத்தினார்.

"எர்த்து," என்றார். "இந்த மாதிரி எர்த்துப் பல்லு நூத்துக்கணக்குல வெச்சிருக்கான். ஒண்ணு போனா மத்தது தாங்கும். ரெண்டு வூடு தள்ளிப் போயிருந்தா அவ்ளோதான்."

ஒன்று போனாலும் நடக்கட்டும் என்று நூற்றுக்கணக்கில் வைத்தவரை எண்ணி அந்த இடத்தில் எனக்குக் கும்பிடத் தோன்றியது. நேற்று நான் பொட்டு வைத்ததைவிட இது நியாயமான கும்பிடு.

சிப்பின் தலையைத் துடைத்து உட்கார வைத்தார், சரியான பசையை ஒரு பட்டாணி அளவு வைத்தார், விசிறியை மாட்டினார். திரை வந்தது. ஆனால் மெமரி பாதிதான் காட்டியது. நிமிர்த்திய பற்களில் ஒன்றின் நுனி தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்க மெமரி ஸ்லாட் பேசவில்லை. மறுபடி தொட்டால் இருப்பதும் போகும் என்றார்.

"மிஷின் ஓடுமாக்கா?"

"ஓடும். பெரிய படம் போட்டா திணறும். துண்டாப் போட்டுக்கோ."

சாக்கெட் திறந்து கிடக்கவில்லை என்றாலும், எனக்கென்று ஒரு கறுப்பு மூடியைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

மதியம் மூன்று மணிக்குக் கார்டைச் சொருகி மிஷின் சுவிட்சைத் தட்டினோம். மை வரும் தலை இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு ஒருமுறை வெறுமனே ஓடிவிட்டுத் திரும்பி, மஞ்சள் நிறத்தில் முதல் கோட்டை இழுத்தது. பன்னிரண்டடி பேனரை அது ஒரே படமாக ஏற்கவில்லை, பாதியில் நின்றது. தங்கை படத்தை நடுவில் வெட்டி இரண்டு ஆறடியாக அடித்தாள். படத்தில் இருந்த, விழாவுக்குரிய பெண்ணின் முகத்தில் வெட்டு விழாமல், பக்கத்தில் இருந்த பூச்செண்டில் விழும்படி பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை ஐந்து பேனரும் போய்விட்டன. இன்றும் பெரிய பேனர் என்றால் இரண்டாக அடித்துத்தான் ஒட்டுகிறாள். ஒட்டு எங்கே என்று வாங்கிப் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை, எனக்குத் தெரிகிறது.