வெங்கடபதி வீட்டு விருந்தாளி

நாலு மணிக்கு வெங்கடபதி செருப்பை மாட்டிக்கொள்கிறார். காலி டிபன் கேரியரைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, கேட்டைத் திறக்கிறார். வாசற்படியில் நின்று பங்காரம்மா மரியாதையாக வழியனுப்புகிறார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கூட்டுக்காரரு ஷிப்டு முடிஞ்சு வர்ற நேரமுங்க. இன்னொரு நாளைக்கு வாங்க."

"சரிங்க அம்மணி" என்கிறார், நாற்பத்தோரு வருஷமாக அந்த அம்மாளின் கணவராக இருப்பவர்.

பீளமேட்டில் ஒரு பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தியே வளர்ந்த குரல். வீட்டுக்குள் இப்போது அது எழும்புவதில்லை. பங்காரம்மாவுக்கு மறதி நோய். சாவியில், உப்பில் தொடங்கி, போன வருஷம் கணவரின் முகத்துக்கு வந்துவிட்டது. அவர்கள் தங்களுக்குள் பேசுவது தெலுங்கு. வெளி ஆட்களிடம்தான் தமிழ். ஆகவே அந்த அம்மாள் வாயைத் திறந்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். தெலுங்கில் 'ரண்டி' என்று வரவேற்றால் அவர் கணவர். தமிழில் 'வாங்க' என்றால் யாரோ.

டாக்டரம்மா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சீட்டை மாடியில் குடியிருக்கும் என்னிடம்தான் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் முதல் பட்டதாரி நான். 'நோயாளியின் கூற்றை மறுத்துரைத்தல் கூடாது' என்று நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதற்குக் கீழே பென்சிலால், 'சண்டை போடாதே' என்று எழுதிக்கொண்டார். சீட்டில் இருந்த மற்றதையும் அப்படியே சுருக்கிக்கொண்டார்: கண்ணாடிகளை மூடு. நம்ப மறுத்தால் வெளியே போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வா. முகத்தைக் காட்டும் முன் குரலைக் காட்டு.

பீரோக் கண்ணாடி இப்போது ஒரு பழைய சேலைக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குள் ஒரு பொம்பளை பட்டினியாக நிற்கிறாள் என்று பங்காரம்மா தட்டில் சோறு வைத்துக் காத்திருந்தாராம். கண்ணாடி இல்லாததால் வெங்கடபதி விரலால் தடவிப் பார்த்தே சவரம் செய்கிறார். இடது காதுக்குக் கீழே நாலு வெள்ளை முடி எப்போதும் தப்பித்துவிடும்.

சீட்டு வருவதற்கு முன்னால் ஒருநாள், பொறுக்க முடியாமல் தெலுங்கில் சண்டை போட்டார். பங்காரம்மாவின் அம்மா பெயர், தங்கள் கல்யாணம் நடந்த மண்டபம் எல்லாம் சொன்னார். அந்த அம்மாள் மாடிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, அவரு சட்டையப் போட்டுக்கிட்டு ஒருத்தன் வந்து நிக்கிறானுங்க. எங்க பாசையக்கூடப் படிச்சுட்டு வந்திருக்கறான்." அதற்குப் பிறகு, மனைவி தமிழில் பேசினால் வெங்கடபதியும் தமிழிலேயே பதில் சொல்கிறார்.

வெளியே அனுப்பினால் முக்குப் பேக்கரிக்குத்தான் போவார். ஈஸ்வரமூர்த்தி டீயை நீட்டிக்கொண்டே கேட்பார்: "ஏனுங் மேஸ்திரி, இன்னைக்கும் ஷிப்டா?"

"ஓவர்டைமுங்க."

"ரிட்டயர் ஆனப்பறமும் உங்களை உடமாட்டேங்கறாங்களே."

சிரித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். முன்பெல்லாம் வாரத்தில் நாலு நாள் பலிக்கும். திரும்பி வந்தால் 'ரண்டி' கிடைக்கும். போன வியாழக்கிழமையோடு பதினோரு நாள். ஒருநாளும் கிடைக்கவில்லை. "மொகம் போனா போவட்டும் தம்பி. அந்த ஒரு வார்த்தையுமில்லாம எப்படிங்க இருக்கறது?" என்று அன்று காலையில்தான் படிக்கட்டில் நின்று சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியிலேயே சைக்கிளை நிறுத்தி, மணியை இரண்டு தடவை அடித்தார். "பங்காரூ" என்று மில் குரலில் கூப்பிட்டார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். அந்த அம்மாள் வெளியே வந்தார். கேரியரைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வாங்க" என்றார். "அவரு இன்னும் வரலீங்க. உக்காருங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க."

கதவோரத்து மடக்கு நாற்காலியில், வந்தவர்கள் உட்காரும் இடத்தில், வெங்கடபதி உட்கார்ந்தார். அவருடைய பிரம்பு நாற்காலி எதிரே காலியாக இருந்தது. பங்காரம்மா இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். ஒன்றை அவர் கையில் கொடுத்தார். இன்னொன்றைப் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் வைத்தார்.

"அவருக்குச் சூடா இருக்கோணுமுங்க."

"ஆமாங்க" என்றார்.

அந்த அம்மாள் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வெங்கடபதி தன் காப்பியைக் கீழே வைத்தார். கேரியரின் மேல்மூடியைக் கழற்றி, முக்காலியில் இருந்த டம்ளரை ஆறிவிடாமல் மூடினார்.