கிடாக்கொம்பு சைக்கிளின் வயது

முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கும் சைக்கிளின் பின்சக்கரத்தை நீங்கள் சுற்றிவிடும்போதெல்லாம் நான் அதட்டுகிறேன். பெடலை மிதிக்காமல் சக்கரம் தானாக ஓடும்போது உள்ளிருந்து டிக் டிக் டிக்கென்று ஒரு சத்தம் வருமே, அது காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தட்டை வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்க்கிறேன். "அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று சிரிக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணுகளா. அந்தச் சத்தத்தோடு ஒருவர் முன்பெல்லாம் நம் வாசலுக்கு வந்து இறங்குவார். அவரைப் பற்றி வாயால் சொல்ல உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறேன், அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும்.

அவர் உங்கள் பெரியப்பா. என்னுடைய ஒரே அண்ணன். உங்கள் அம்மாகூட அவரைப் பார்த்ததில்லை. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது, நாமக்கல்லுக்கு மிளகு மூட்டையோடு போனவர் மூட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு சிவப்பு சைக்கிளோடு திரும்பி வந்தார். காலேஜ் பையன் ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்த ரேஸ் வண்டி. கைப்பிடி கிடா ஆட்டின் கொம்புபோல முன்னால் போய் வளைந்து கீழே இறங்கும். கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, நிறுத்த ஸ்டாண்டுகூட இல்லை. மலைமேல் எங்கள் குண்டனி நாட்டு ஊர்களெல்லாம் வந்து பார்த்தன. "ஏப்பா, வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தியா, கெடாவ ஓட்டிக்கிட்டு வந்தியா? புல்லு திங்குமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்க, அண்ணன் சிரித்துக்கொண்டே, "திங்காதுங்க, ஆனா முட்டும். தள்ளி நில்லுங்க" என்றார்.

மலையிலிருந்து சைக்கிளில் இறங்குகிறவர்கள் அப்போதெல்லாம் ஒரு வேலை செய்வார்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பிரேக்கைப் பிடித்தால் ரப்பர் தீய்ந்துவிடும். அதனால் தழையோடு ஒரு பெரிய கிளையை வெட்டி, கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, பின்னால் ரோட்டில் இழுத்துக்கொண்டே இறங்குவார்கள். கிளை வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அடிவாரத்துக்குப் போனதும் அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். வேகமாகப் போவதற்கென்றே செய்த வண்டிக்கும் அண்ணன் கிளைதான் கட்டினார். கேரியர் இல்லாததால், சீட்டுக்குக் கீழே பின்சக்கரத்துக்கு இறங்கும் இரண்டு குழாய்களில், சங்கிலி இல்லாத இடப்பக்கக் குழாயில் மட்டும் கயிற்றைச் சுற்றுவார். கிளை ஒரு பக்கமாக இழுக்கும். இவர் மறுபக்கம் சாய்ந்துகொண்டே போவார். அந்தக் கோணல் சவாரியைப் பார்த்து ஊரே கைகொட்டும்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த மிளகு அக்காவின் கல்யாணத்துக்கு வைத்திருந்தது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த அண்ணனைப் பார்த்து, "அந்தக் கொம்பு வண்டிய எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் போயிரு. என் கண்ணு முன்னால நிக்காத" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் எல்லா வீட்டிலும் சொல்கிற சொல்தான். விடிந்து பார்த்தால் அண்ணனும் இல்லை, வண்டியும் இல்லை. பிறகு ரோட்டு வேலைக்குப் போனவர்கள் வந்து, பாதி மலையில் ஒரு வளைவின் ஓரத்தில் கயிறு கட்டிய கிளை கிடப்பதாகச் சொன்னார்கள். அப்பா ஓடிப்போய்ப் பார்த்தார். எங்கள் மாட்டுத் தொழுவத்துக் கயிறுதான் அது. கிளை இல்லாமல் அந்தச் சரிவில் யாரும் இறங்கியதில்லை. வளைவுக்குக் கீழே பள்ளம், காடு. அப்பா இறங்கித் தேடினார், ஊரும் தேடியது. உடம்பும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. அதன்பின் பஸ்ஸில் போகும்போது அந்த வளைவு வந்தால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். தன் சொல்தான் மகனைத் தள்ளிவிட்டது என்று நம்பிக்கொண்டே செத்துப்போனார்.

ஆடியில் அப்பாவுக்குப் படையல் போடும்போது, அண்ணனுக்கும் ஒரு இலை போடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வருடா வருடம் கேட்பார்கள். என் அம்மா, உங்கள் அப்பத்தா, இலையை வாங்கிக் கிழித்து மாட்டுக்குப் போட்டுவிடும். போன ஆடி வந்தபோது அம்மாவுக்கு முடியாமல் இருந்தது. "அந்தப் புள்ளைய எத்தன நாளைக்கு வழியிலயே நிக்க வெப்ப? ஒரு எலை போட்டு அனுப்பி வையி" என்று அக்காவே என்னிடம் அழுதது. சரி என்று எனக்கும் தோன்றிவிட்டது.

அந்த வாரம்தான் ஆட்டுக் கொட்டகைக்குக் குழாய் வாங்க சேந்தமங்கலத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. கம்பிகளை விலக்கி, கொம்பைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஆனால் வண்டி பச்சை நிறம். கடைக்காரப் பாய், "ஏனுங்க, குழாய் வாங்க வந்துட்டு ஆட்டைப் புடிச்சிட்டு நிக்கறீங்க?" என்று கேட்டார். எங்கிருந்து வந்தது என்றேன். "லாரி லோடுல வந்துச்சுங்க. மலைப் பக்கத்துச் சாமான். ஏற்காடோ, பச்சமலையோ, கல்வராயன் மலையோ, யாரு கண்டா?" என்றார். குழாயோடு வண்டியையும் எடைக்கு வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

நம் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்னாசிப்பழம் தின்ன நிற்பார்களே, வளைவெல்லாம் ஏறி வருகிற சைக்கிள்காரர்கள், அவர்களில் ஒரு பல் டாக்டரம்மா உண்டு. பழைய வண்டிகள் என்றால் அவருக்கு உயிர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தை அடித்து, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தார். முன்குழாயில் கம்பெனித் தகடு இல்லை. அது இருந்த இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும். பெடல் அச்சுக்கு அடியில் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டியதும் ஒரு நம்பர் தெரிந்தது. அதைப் படம் பிடித்துக்கொண்டார். பின்சக்கரத்துப் பல்சக்கரங்களை எண்ணிவிட்டு, அச்சில் பொறித்திருந்த சின்ன எழுத்தைத் துடைத்துப் படித்தார். செய்த வருடத்தின் அடையாளமாம் அது.

"உங்க அண்ணன் போனப்ப நீங்க நாலாவதுன்னீங்கல்ல? அப்ப இந்த மாதிரி ஏழு பல்சக்கரம் வெச்ச வண்டி வரவே இல்லைங்கண்ணா. இந்தச் சக்கரம் அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சுச் செஞ்சது. இது அவரு வண்டி இல்லீங்க."

நான் தலையை ஆட்டினேன். இலை போட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மனசு லேசாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. அந்த வாரம் முழுக்க மிளகுக் கொடிக்குப் போவதும், பாதியில் திரும்பி வந்து வண்டியைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

அடுத்த ஞாயிறு டாக்டரம்மா கடைக்கு வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணா, அவசரப்பட்டுட்டேன். சக்கரத்தைப் பாத்து வயசு சொல்லிட்டேன், வண்டியோட குழாய்ச் சட்டத்தைப் பாக்கல" என்றார். நம்பரையும் ஆணி ஓட்டைகளையும் தெரிந்தவர்களுக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறார். காலேஜ் பையன்களுக்கென்று கொஞ்ச காலம் மட்டும் வந்த மாடலாம் அது. கம்பெனி பெயரையும் சொன்னார், எனக்கு வாயில் நிற்கவில்லை. அந்தச் சட்டம் அண்ணன் வண்டி வாங்குவதற்கும் முந்தியது. அதில் முதலில் இருந்தவை ஐந்து பல்சக்கரங்கள்தான். யாரோ பிற்பாடு ஏழு பல்சக்கரங்கள் உள்ள பின்சக்கரத்தை மாட்டியிருக்கிறார்கள். அகலமான அச்சு உள்ளே போவதற்காகப் பின்பக்கக் கவையை விரித்திருப்பதையும் காட்டினார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு எனக்கு வெளங்கல. இந்தத் தடம் என்னங்கண்ணா? இந்தப் பக்கம் மட்டும் இருக்கு" என்று இடப்பக்கக் குழாயைத் தொட்டார்.

குழாயைச் சுற்றி மோதிரம் மோதிரமாகத் தேய்ந்திருந்தது. பச்சை தேய்ந்த விளிம்பில் சிவப்பு தெரிந்தது. சிவப்பும் போய் நடுவில் இரும்பு வழவழவென்று மின்னியது. அண்ணன் கயிறு சுற்றுகிற அதே இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன்.

கிளை கட்டும் கதையைச் சொன்னதும் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரேஸ் வண்டிக்கு விறகு கட்டுனாரா!" என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதன்பின் அவரே மெதுவாகக் கணக்குப் போட்டார். "பச்சை பெயின்ட்டும் தேஞ்சிருக்குங்கண்ணா. அப்படின்னா பச்சை அடிச்சதுக்கு அப்புறமும் ஒருத்தர் இதுல கயிறு கட்டி இருக்காரு."

அந்த வளைவில் அண்ணன் விழவில்லை. கோபத்தில் கிளையை அறுத்துப் போட்டுவிட்டு, முட்டுகிற கிடாவின்மேல் உட்கார்ந்து அப்படியே இறங்கிப் போயிருக்கிறார். வேறொரு மலையில் இருந்திருக்கிறார். வண்டிக்குப் பச்சை அடித்து, புதுச் சக்கரம் போட்டு, பழையபடி இடப்பக்கம் கயிறு சுற்றிச் சாய்ந்துகொண்டே இறங்கியிருக்கிறார். இது என் நினைப்புதான். வேறு ஒருவர் வாங்கி அவரும் இடப்பக்கம் கட்டியிருக்கக்கூடாதா என்று அக்கா கேட்கிறது. கூடாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அண்ணன்தான் என்றால், அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஏன் ஏறி வரவில்லை? அதை நினைத்தால் செத்தார் என்பதைவிட அதிகமாக வலிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் போன அப்பாவுக்கு இதை யார் சொல்வது?

அம்மாவிடம் வண்டியைக் கொண்டுபோய் அந்தக் குழாயைத் தொடவைத்தேன். விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தது. படையலன்று நான் இரண்டு இலையை வைத்துக்கொண்டு, ஒன்றா இரண்டா என்று தெரியாமல் நின்றேன். அம்மா படுக்கையிலிருந்தே கூப்பிட்டது.

"சாமி, உங்கப்பனுக்கு எலை போடு. அவனுக்கு வட்டல்ல சோத்தப் போட்டு மூடி வையி. உசுரோட இருக்கறவன் வட்டல்லதான் திம்பான்."

அப்படித்தான் அண்ணன் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்தேன். மறுநாள் காலையில் அந்தச் சோற்றை அம்மாவே வாங்கிச் சாப்பிட்டது. ஏற்காட்டுக்குப் போய் எஸ்டேட் எஸ்டேட்டாகக் கேட்டுவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மிளகு பறித்து முடித்ததும் பச்சைமலைக்குப் போக வேண்டும். ரோட்டோரத்தில் இழுபட்ட கிளை எங்கே கிடந்தாலும் ஜீப்பை நிறுத்திக் கயிறு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நேற்றுக்கூட நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முன்னறையில் டிக் டிக்கென்று கேட்டது. நீங்கள்தான் என்று நினைத்து அதட்ட வாயெடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்து ஓடினேன். காற்றுக்குத் திறந்துகொண்ட கதவு பெடலில் இடித்திருக்கிறது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கிறவரை நான் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.