சணல் கட்டிய பெட்டி

டீயை வாங்கினால் ஜெயவேல் முதலில் முகர்ந்து பார்ப்பான். பிறகு ஊற்றிக் கொடுத்தவன் முகத்தைப் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் குடிப்பான். வியாசர்பாடியில் அவன் குடியிருந்த வரிசை வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது. "பொண்டாட்டி சோறு போட்டாக்கூட முதல் உருண்டைய பூனைக்கு வச்சிட்டுத்தான் துன்றான்பா" என்பார்கள். ஜெயவேல் அசைய மாட்டான். துறைமுகத்தில் இத்தனை வருஷம் உழைத்தும் கை கால் முழுசாக வீடு திரும்புகிறவன், எதையும் நம்பாததால்தான் திரும்புகிறான் என்பது அவன் கட்சி.

அவன் பார்த்த வேலை அப்படி. கப்பலின் மேல்தளத்தில், சரக்கறையின் வாயோரமாக நிற்க வேண்டும். கீழே பள்ளத்தில் கூட்டாளிகள் மூட்டைகளை வலையில் அடுக்குவார்கள். வலையைத் தூக்கும் வின்ச்சு எந்திரத்தை ஓட்டுகிறவனுக்கோ கீழே நடப்பது எதுவும் தெரியாது. ஜெயவேலின் கைகள்தான் அவனுக்குக் கண். வலது கை சுழன்றால் தூக்கு. இடது கை விரிந்தால் நிறுத்து. இரண்டு முஷ்டியும் மார்பில் சேர்ந்தால் உயிர் போகிற ஆபத்து. சரக்கு அந்தரத்தில் தொங்கும்போது சிக்னல்காரன் கையில் பீடிகூட இருக்கக்கூடாது என்பது அந்தக் கூட்டத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். பள்ளத்தில் இருப்பவர்கள் தலை நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்கிறார்கள் என்றால், மேலே நிற்கிறவனின் கையை நம்புகிறார்கள் என்று பொருள்.

அமெரிக்காவிலிருந்து கோதுமைக் கப்பல்கள் வரிசையாக வந்த ஐம்பத்தொன்றாம் வருஷத்தில்தான் அந்தப் பெட்டியும் வந்தது.

ராயபுரத்தில் வெள்ளத்துரை என்கிற தெற்கத்தி வியாபாரி யுத்தம் விட்டுப்போன சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். தார்ப்பாய், தண்ணீர்க் குடுவை, பட்டாளத்துப் பூட்ஸ். தார்ப்பாய்க்காக ஏலம் எடுத்த குவியலில் கம்பி நீட்டிய பேசும் பெட்டிகளும் சேர்ந்து வந்துவிட்டன. ஒரு வருஷம் தூசி அடைந்து கிடந்தன. பிறகு தீயணைப்புப் படை ஆள் ஒருவர் வந்து விசாரித்தார். எண்ணூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்தவர் ஒருவர் ஆள் அனுப்பினார். கடைசியில், ஜெயவேல் வேலை பார்த்த கப்பல் சரக்குக் கம்பெனி சர்க்காரிடம் லைசென்ஸ் எழுதி வாங்கி, இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டது. ஒன்று கரைக் கொட்டகையில் சூப்பர்வைசர் சங்கரநாராயணன் மேசைமேல். மற்றொன்று ஜெயவேல் தோளில்.

வெள்ளத்துரை கப்பலுக்கே வந்து செய்து காட்டினார். "கம்பிய இழுத்தா உசுரு வரும். பட்டன அமுக்கிப் பேசு. விட்டுட்டுக் கேளு. அவ்வளவுதாம்ல." ஜெயவேல் அவர் விரலைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பழுதை மறைக்கிற வியாபாரிக்குக் கண் எங்கே போகும் என்று கவனித்ததில் பாடம் காற்றில் போயிற்று.

வேலை தொடங்கியதும் சங்கடம் தெரிந்தது. பட்டனை அமுக்க ஒரு கை வேண்டும். சிக்னலுக்கு இரண்டு கையும் வேண்டும். கரண்டு விளக்குக்குச் சுவிட்சு மாதிரிதானே இது என்று எண்ணி, மூட்டையிலிருந்து சணலை உருவிப் பட்டன் மேல் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டான். தோளில் பெட்டி, கைகள் இரண்டும் காலி. வலை கரைக்குப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பி, "வருது சார்" என்று கத்துவான். பெட்டி ஒருநாளும் பதில் பேசவில்லை. பெரிய மனுஷன், நம்மிடம் பேசுவானா என்று விட்டுவிட்டான்.

கப்பல் பாதி காலியானபோது, வலையைத் தூக்கும் கம்பிவடத்தில் இழைகள் பிரிந்து நின்றன. தொட்டால் கையைக் கிழித்தது. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் ஜெயவேல் பக்கத்தில் குந்தினார்கள். கூட்டத்துக்குத் தலைவன் போன்ற அம்புரோஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நாளைக்கி வடத்த மாத்தினாத்தான் எறங்கறோம். அதுவரிக்கும் எவனும் வாயத் தொறக்காதீங்க. முன்னாடியே தெரிஞ்சா வேற ஆள எறக்கிடுவானுங்க."

மறுநாள் காலை இவர்கள் வந்து சேருமுன்பே வேறு ஆட்கள் பள்ளத்தில் இருந்தார்கள்.

அந்த ஆட்களால் வழக்கத்தில் பாதி மூட்டைகூட இறக்க முடியவில்லை. அதனால் அடுத்த நாளே இவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அதே பழைய வடத்துக்கு. ஆனால் இடையில் கிடந்த ஒரு நாளில் எல்லோரும் யோசித்துவிட்டார்கள். கம்பெனிப் பெட்டியைச் சுமக்கிறவன் யார்? யாரிடமும் மனம்விட்டுப் பேசாதவன் யார்?

"இன்னா ஜெயவேலு," என்றான் அம்புரோஸ், எல்லோர் முன்னாலும். "ஊரையே சந்தேகப்படுவியே, உன்ன ஒரு தபா சந்தேகப்பட்டுப் பாத்தியா?"

"நா சொல்லல அம்புரோஸு. எம் புள்ள மேல ஆணை."

"ஆணையெல்லாம் வூட்ல வச்சிக்க. இந்தக் கப்பல் முடியட்டும். அடுத்த கப்பலுக்கு எங்க தலைக்கு மேல உன் கை வேணாம். வேற கை பாத்துக்கறோம்."

அன்று வலை ஒவ்வொரு முறை எழும்பும்போதும் பள்ளத்திலிருந்து எல்லா முகங்களும் அண்ணாந்தன. ஜெயவேலுக்குச் சங்கரநாராயணன்மேல் சந்தேகம் வந்தது. வின்ச்சுக்காரன்மேல் வந்தது. அம்புரோஸே சொல்லிவிட்டுத் தன்மேல் போடுகிறானோ என்றுகூட வந்தது. பெட்டிமேல் மட்டும் வரவில்லை. பேசத் தெரியாத தகரத்தின்மேல் யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் வெள்ளத்துரை மூச்சு வாங்கக் கப்பலேறி வந்தார். "என்னடே, கரைப் பெட்டிக்குப் போட்ட பாட்டரி இன்னும் நிக்கிது. உன் பெட்டி மட்டும் செத்துப்போச்சுன்னு ரெண்டாந்தடவை ஆள் அனுப்புதாங்க. இத வச்சு அடுப்பா எரிக்கிய?"

"பழைய பாட்டரியத் தள்ளிவுட்டுட்டு எங்கிட்ட கேக்கறியா அண்ணாச்சி?"

வெள்ளத்துரை பெட்டியைத் திருப்பினார். சணலை விரலால் நெருடிப் பார்த்தார். "எத்தனை நாளாடே இப்படி இருக்கு?"

"வந்த அன்னிலேர்ந்து."

"அட கிறுக்கா. அமுக்கியிருந்தா நீ பேசிக்கிட்டே இருக்கேன்னு அர்த்தம். நீ தும்முறதுகூட அந்தப் பக்கம் போகும். அங்கேருந்து ஒண்ணும் உனக்கு வராது." புதுப் பாட்டரியைப் போட்டுவிட்டு முடிச்சில் கை வைத்தார்.

ஜெயவேல் கம்பியை உள்ளே தள்ளிப் பெட்டியை அடக்கிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு வேறொன்று உறைத்தது. கரையிலிருந்து கூப்பிட்ட எதற்கும் இத்தனை நாளாகத் தான் பதில் சொல்லவில்லையே, சங்கரநாராயணன் ஏன் ஒரு முறைகூடக் கத்தவில்லை? ஒரு மூட்டை தாமதமானால் கரையிலிருந்து ஊளையிடுகிற மனிதர், காது கேட்காத பெட்டியை ஏன் இத்தனை பொறுமையாகச் சகித்துக்கொண்டார்?

"கட்டு அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி," என்றான்.

கொட்டகையில் சிந்திய கோதுமையைக் கூட்டும் பூவம்மா அவன் வரிசை வீடுகளில் குடியிருப்பவள். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான்: சாப்பாட்டு வேளையில் சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் கூட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து வந்து சொல். சாப்பாட்டு வேளை வந்ததும் அம்புரோஸிடம் போனான்.

"நீ மட்டும் செஞ்சது, யாருக்கும் தெரியாதது ஒண்ணு சொல்லு."

"ஏன், அதையும் விக்கப் போறியா?"

"கம்பெனிக்குப் போவுதான்னு நீயே பாரு. போவலன்னா இந்தத் தளத்துலேர்ந்து நானே எறங்கிப் போறேன்."

ஜெயவேல் பெட்டியின் கம்பியை வெளியே இழுத்துவிட்டான். அம்புரோஸ் சுற்றிலும் பார்த்தான். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "சரி, கேட்டுக்கோ. சங்கரநாராயணன் குடைல பீடியால ஓட்டை போட்டது நான்தான். மூணு ஓட்டை. மழை வரட்டும்னு காத்துகினு கீறேன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய சற்று நேரத்தில் பூவம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு கப்பலின் பலகைப் பாலம் ஏறி வந்தாள்.

"அந்தாளுக்கு இன்னா பைத்தியமா? பெட்டியக் காதுல வச்சிகினு சும்மா சிரிச்சிகினு இருந்தாரு. திடுப்புனு எழுந்து, குடைய எடுத்து விரிச்சிகினு நிக்கிறாரு, கொட்டாய்க்குள்ள! மழையுமில்ல, வெயிலுமில்ல. விரல வுட்டுப் பாக்கறாரு."

அம்புரோஸ் பெட்டியையும் சணலையும் ஜெயவேலையும் மாறி மாறிப் பார்த்தான். நேராகப் பெட்டியிடம் குனிந்தான்.

"சார், குடை என் தப்புதான். வடம் உங்க தப்பு. மாத்தினா எறங்கறோம். இல்லன்னா நீங்க ஒட்டுக் கேட்டதையெல்லாம் லேபர் ஆபீஸ்ல போய் நாங்க சொல்றோம்."

ஜெயவேல் கத்தியால் சணலை அறுத்தான். பட்டன் மேலே எழுந்தது. பெட்டி முதல்முறையாக வாய் திறந்தது. கரகரவென்று இரைச்சல், அதற்குள் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமுகிற சத்தம்.

மாலைக்குள் புது வடம் வந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் கைச் சைகை ஒன்று கூடியது. கட்டைவிரலை உள்ளங்கையில் அழுத்திக் காட்டினால் பெட்டி விழித்திருக்கிறது, வாயை மூடு என்று பொருள். பெட்டியைச் சுமந்த ஜெயவேல்தான் அதை முதலில் காட்ட வேண்டியிருந்தது.

வெள்ளத்துரை அடுத்த முறை வந்தபோது வியாபாரம் சூடாக இருந்தது. மூன்று கம்பெனிகள் பெட்டி கேட்கின்றனவாம். "ஆனா ஒண்ணுடே," என்று ஜெயவேலைத் தனியே இழுத்தார். "அதுல ரெண்டு பேரு, பட்டன் அமுங்கினா தானா அப்படியே நிக்கிற மாதிரி செஞ்சு தர முடியுமான்னு கேக்காங்க. எதுக்குன்னு சொல்ல மாட்டேங்காங்க."

"நீ இன்னா சொன்ன அண்ணாச்சி?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

ஜெயவேல் அவர் முகத்தையே பார்த்தான். கண் எங்கே போகிறது என்று பார்த்தான். பிறகு திரும்பி வந்து பெட்டியின் கம்பியை உள்ளே தள்ளி அடக்கிவிட்டு, சரக்கறை வாயோரம் நின்றான். அடுத்த கப்பலின் முதல் வலை தயாராக இருந்தது. வலது கை சுழன்றது. வலை எழும்பியது.

பள்ளத்தில் அம்புரோஸ் ஒரு முறை அண்ணாந்து பார்த்தான், அவன் கையை அல்ல, தோளில் தொங்கிய பெட்டியை. பிறகு தலையைக் குனிந்து அடுத்த மூட்டையைப் பிடித்தான்.