கொண்டை ஊசிப் பேனா

சென்ற வாரம் திருப்பதியில், பஞ்சர் ஒட்ட வண்டிகூட இல்லாத நான், ஒரு பஞ்சர் கடை வாசலில் கண்ணை மூடிச் சுட்ட ரப்பர் வாடையை இழுத்துக்கொண்டு நின்றேன். "ஏமி சார், தலை சுத்துதா?" என்று கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

புத்தூரில் என் அப்பா, நைனா, பேனா கடைந்த கொட்டகையின் வாடை அது. இப்போது அங்கே செல்போன் கடை. கடைசல் எந்திரத்தில் பேனாவுக்கான கெட்டி ரப்பர் தண்டு முனகிச் சுற்ற, கருஞ்சுருள்கள் என் சோற்றுத் தட்டுவரை வந்து விழும். கடைகளில் பால்பென் குவிந்ததும் மெட்ராஸிலிருந்து கிளிப்பும் மைக்குழாயும் வருவது நின்றுபோக, நைனா அலுப்போடு சைக்கிள் வால்வ் டியூப்பின் நுனியை முடிச்சிட்டு மைக்குழாயாக்கினார். கிளிப்புக்கு அக்காவின் கொண்டை ஊசியை நெளித்துச் செருகினார். மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் நேர்காணலுக்குக் கிளம்பிய அக்காவிடம் அந்தப் பேனாவைக் கொடுத்து, "வேல கெடச்சா இதுலதாம்மா கையெழுத்துப் போடணும்" என்றார். அவள் திரும்பும்வரை கடைசலைத் தொடவில்லை.

மறுநாள் அக்கா விரலெல்லாம் நீலமாக வந்து இறங்கினாள்.

"வேல கெடச்சிடுச்சி நைனா. உன் பேனா பஸ்ஸுலயே ஒழுகிக்கினு வந்துது, அவங்க பால்பென்னுலதான் கையெழுத்துப் போட்டேன். என் கொண்டை ஊசியக் கழட்டிக் குடு."