விதானையாரின் வலக்கண்

கண்ணாஸ்பத்திரியை விட்டு நான் போகிறேன் என்றதும் ஊரே கண்ணீர் வடித்தது என்று எழுத ஆசைதான். அன்றைக்குக் கண்ணீர் வடித்தவர்கள் எல்லாரும் நான் சற்று முன் கண்ணுக்கு மருந்து விட்டவர்கள்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருசம் முந்திய கதை. மட்டக்களப்பு வாவிக் கரையில் மூன்று அறையும் ஒரு விறாந்தையுமாக இருந்த அந்த ஆஸ்பத்திரியில், கண்ணைத் தவிர மனித உடம்பில் வேறெதையும் தொடாமல் என் இளமையைத் தொலைத்தேன். பகலில் வாவியில் பட்ட வெயில் தெறித்து அறைக்குள் வந்து என் கண்ணைக் குத்தும். பொழுது பட்டால் நுளம்புக் கடி. அப்போதுதான் கொழும்பில் ஒரு பெரிய கந்தோரில் உத்தியோகம் வந்தது. மற்ற ஆஸ்பத்திரிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. கத்தியைத் தொடவே தேவையில்லை. நல்ல கதிரை, தலைக்கு மேலே மின்விசிறி, மணி அடித்தால் ஓடி வரப் பியோன். நான் சொல்லி முடிக்க முதலே மனைவி பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்?

இடையில் வந்து குறுக்கே விழுந்தவர் விதானையார்.

எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். வட்டைக்குத் தண்ணீர் பங்கிடவும் விதைப்புக்கு நாள் வைக்கவும் வயல்காரர் கூடி ஓர் ஆளைத் தெரிந்தெடுப்பார்கள். அவர்தான் வட்டை விதானை. நம்முடையவருக்கு வீடு களுதாவளையில், வயல் வாவிக்கு அப்பால் படுவான்கரையில். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, போன போகம் வாய்க்காலை மறித்து நின்ற எருமையை ஆள் என்று நினைத்து, அதன் தகப்பன் பேரையும் சொல்லி ஏசியிருக்கிறார். எருமை அசையவில்லை. ஊர் சிரித்தது. வருகிற கூட்டத்தில் இந்தக் குருடனைத் தூக்கிவிட வேண்டும் என்று கதை நடந்தது. அந்தப் பதவி போனால் அவருக்கு உயிரே போன மாதிரி.

வலக்கண்ணை முதலில் வெட்டினேன். நான் இங்கே வெட்டிய கடைசிக் கண் அது. கத்தி உள்ளே இருக்கும்போது மனிசன் இருமினார். வெற்றிலை போடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும் கன்னத்துக்குள் பாக்கை ஒளித்து வைத்திருந்திருக்கிறார், பாவி. வெள்ளை வெளியே வந்ததோடு, பின்னால் கண்ணின் பளிங்கு நீரும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அது வழிந்தால் கண் போச்சு. சட்டென்று இமையை மூடிக் கட்டினேன். மிச்சம் கடவுள் விட்ட வழி.

தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து ஆடாமல் அசையாமல் கிடந்தார். ஆனால் கட்டு அவிழ்க்கிற நாளில் கண்ணைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். முதல் முதல் களுதாவளைப் பிள்ளையாரைத்தான் பார்ப்பேன் என்று நேர்த்திக்கடனாம்! நேர்ஸ் கெஞ்சினாள். நான் ஏசினேன். வலுவந்தமாகத் திறக்கவும் வழியில்லை. அந்தக் காலத்தில் வெட்டுக்குத் தையல் போடுவதில்லை. அவர் இறுக்கி மூடினால் புண் பிய்ந்துவிடும்.

“நீங்க யோசியாமப் போங்க ஐயா, பிள்ளையார் பாத்துக்குவார்” என்றார் ஆறுதலாக.

எனக்குப் பித்தம் தலைக்கேறியது. என் கடைசிக் கண் தெரிகிறதா இல்லையா என்று தெரியாமல் நான் எப்படிக் கொழும்புக் கதிரையில் போய்க் குந்துவது?

பயணம் போகிற நாள் காலையில் சாமான்களை ஸ்டேசனுக்கு அனுப்பிவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் காரை இரவல் வாங்கி, கண்கட்டோடு விதானையாரை ஏற்றினேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தலை குலுங்கக் கூடாதே என்று மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஓட்டினேன். காத்தான்குடியில் சைக்கிள்காரரெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன். கோயில் வாசலில் குருக்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார். போ என்று சொல்லவில்லை. போட்டிருந்த சேட்டைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். கழற்றினேன். இத்தனை வருசம் எருமைத் தயிர் எனக்குச் செய்த உபகாரம் முழுவதும் காற்சட்டைக்கு மேலே வந்து நின்றது.

திரைக்கு முன்னால் விதானையாரை நிறுத்திக் கட்டை அவிழ்த்தேன். மணி அடித்தது. திரை விலகுகிற நேரம் எனக்குப் பொறுக்கவில்லை. கண்மணி கறுப்பாகத் தெரிகிறதா என்று பார்க்க அவருக்கு நேர் முன்னால் போய் நின்றுவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் தீபம். அவர் மெல்ல இமையைத் திறந்தார்.

வெள்ளை எடுத்த கண்ணுக்குத் தடித்த கண்ணாடி போடும்வரை எல்லாம் புகைமூட்டம்தான். அந்தப் புகைக்குள் வெறும் மேலோடு, பெரிய வண்டி வயிற்றோடு, சுற்றிவர வெளிச்சத்தோடு ஓர் உருவம் நின்றால் அவர்தான் என்ன நினைப்பார்? இரண்டு கையாலும் நெற்றியில் குட்டிக்கொண்டார். தோப்புக்கரணம் போடக் குனிந்தார். ஆறாத கண்ணோடு குனியக் கூடாது என்று நான் பதறி அவர் தோளைப் பிடித்தேன்.

“என்ட அப்பனே, என்னைத் தொட்டிட்டாய்” என்று விம்மினார்.

குருக்களுக்குச் சிரிப்பில் தீபத் தட்டு ஆடியது. எனக்குச் சந்தோசத்தில் கால் ஆடியது. கண் பிழைத்துவிட்டது. வண்டி தெரிந்தவருக்கு வாய்க்காலும் தெரியும். நான்தான் டொக்டர் என்று சொல்லி விலகினேன். உள்ளே இருந்தவரையும் ஆசை தீரக் கும்பிட்டார். ஆனால் முதலில் கண்டதும் பிள்ளையாரைத்தான் என்று ஒரே பிடி. எனக்குள்ளே வந்து நின்றாராம்.

திரும்பக் கண்ணைக் கட்டிவிட்டு வெளி மண்டபத்தில் இருந்தோம். இடக்கண்ணுக்கு எப்போது வரட்டும் என்று கேட்டார். நான் இன்றைக்கே போகிறேன், புது டொக்டர் வருகிறார், என்னைவிடக் கைராசிக்காரர் என்றேன்.

“அவருக்கும் இப்பிடி வயிறு இரிக்கா ஐயா?”

“இல்லை. ஈர்க்கு மாதிரி ஆள்” என்றேன் சிரித்துக்கொண்டு.

வலக்கண் கட்டைக் காட்டினார்.

“அப்ப எனக்கு இந்தக் கண் போதும்.”

ஏசிப் பார்த்தேன், கும்பிட்டும் பார்த்தேன். தலையை ஆட்டக் கூடாது என்று நானே சொல்லியிருந்தபடியால் கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

ரயிலில் வாழைச்சேனை தாண்டும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மனைவியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் கேட்டாள்:

“அப்ப அந்த மனிசன்ட மத்தக் கண்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. விதானையாரை அந்தக் கூட்டத்தில் திரும்பவும் தெரிந்தெடுத்தார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். ஈர்க்கு டொக்டர் எத்தனை தரம் ஆள் அனுப்பியும் அவர் போகவில்லையாம். நான் வருவேன் என்று இடக்கண்ணை வைத்துக்கொண்டு இருந்தாராம்.