காட்டுக்குள் பதில் சொன்னவள்

இது நடந்தது. யாரோ யாருக்கோ சொன்னதை நான் எழுதவில்லை. நிலூஜா என் எதிரில் உட்கார்ந்து தன் வாயால் சொன்னாள். சொல்லும்போது இரண்டு தடவை எழுந்துபோய் யன்னல் திரையை இழுத்து மூடினாள். நோர்வேயில், ஹவுகெட்டோவில், சமைத்துக்கொண்டே அவளுடைய குசினி யன்னலால் பார்த்தால் அந்தக் காடுதான் தெரியும்.

காடு என்றால் பெரிய காடு இல்லை. அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஒரு சரிவு. ஊசியிலை மரங்கள், நடுவில் ஒரு சிற்றோடை, குறுக்கும் மறுக்குமாக நாலைந்து ஒற்றையடிப் பாதைகள். காலையில் பிள்ளைகள் அதற்குள்ளால்தான் பள்ளிக்கூடம் போவார்கள். ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். அதற்குள் ஒரு ஆள் தொலைந்துபோக முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

நிலூஜாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. கணவன் சுபேசன் பஸ் ஓட்டுகிறான். அவனுடைய தாய் ஜெயகுமாரியும் அவர்களோடுதான் இருக்கிறார். மறதி நோய். மருமகளின் பெயர் அவருடைய நினைவிலிருந்து போய் இரண்டு வருடம். நல்ல நாளில் "பிள்ளை" என்பார். மற்ற நாளில் "நேர்ஸ்" என்பார். குசினி யன்னலடியில் நின்று மரங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அங்கை ஆரோ நிக்கினம்" என்பார்.

"ஒருத்தரும் இல்லை மாமி. மரம்."

அன்று நவம்பர் கடைசி. மத்தியானத்திலிருந்து மெல்லிய பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் வேலையால் வந்த நிலூஜா மாமிக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்துவிட்டு சோபாவில் சற்றுச் சாய்ந்தாள். கண் மூடியது. விழித்தபோது வீடு குளிர்ந்து கிடந்தது.

வாசல் கதவு திறந்திருந்தது. மாமியின் சப்பாத்து அங்கேயே இருந்தது. வீட்டுக்குள் போடுகிற செருப்பைக் காணவில்லை.

மணி மூன்றரை. அந்த மாதத்தில் அங்கே அது பகல் இல்லை. வானம் கறுத்துவிட்டது. கதவைப் பூட்டினேனா? அவளுக்கு நினைவு வரவில்லை. சுபேசனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. படிகளில் ஓடி இறங்கினாள். ஒரு பக்கம் ரயில் நிலையம். மறுபக்கம் காடு. யன்னலடியில் மாமி நிற்கிற நிற்பு கண்ணுக்குள் வந்தது. காட்டுப் பக்கம் திரும்பினாள்.

பாதையில் பனிக்குமேல் சப்பாத்துத் தடங்கள் இருந்தன. நாய்த் தடங்கள் இருந்தன. செருப்புத் தடம் எதுவும் இல்லை. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

"மாமி!"

பதில் இல்லை. ஓடையைத் தாண்டினாள். வீடுகளின் வெளிச்சம் பின்னால் போய்விட்டது.

"மாமி!"

மரத்திலிருந்து பனி பொத்தென்று விழுந்தது.

"மாமி!"

"ஓம்..."

இடது பக்கத்திலிருந்து. சன்னமான குரல். நிலூஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்கை நிக்கிறியள் மாமி?"

"இஞ்சை."

"அசையாதேங்கோ. நான் வாறன்."

"ஓம்... ஓம்."

பாதையை விட்டு இறங்கினாள். போனின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு கிளை கன்னத்தைக் கிழித்தது. அவள் கூப்பிடக் கூப்பிட அந்தக் குரல் பொறுமையாகப் பதில் சொன்னது. எவ்வளவு நடந்தாலும் அது கிட்ட வரவும் இல்லை, தூரப் போகவும் இல்லை. ஒரே அளவில் கேட்டது.

அப்போதுதான் உறைத்தது. மாமி இப்படிப் பதில் சொல்லி எவ்வளவு காலம்! ஒன்றைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார். இந்தக் குரலோ கேட்டதற்குப் பதில் சொல்கிறது.

வெளிச்சத்தைக் கீழே திருப்பினாள்.

அவளுக்கு முன்னால் பனி குலையாமல் கிடந்தது. ஒரு காலடி இல்லை...

எதிரே ஒரு பெரிய மரம். கிளைகள் நிலத்தைத் தொட்டு, கூடாரம்போல் மூடியிருந்தன. உள்ளே இருட்டு.

"மாமி?"

"ஓம்."

கை நீட்டினால் தொடலாம். அவ்வளவு கிட்ட.

போன் அடித்தது. நனைந்த விரல் எங்கோ பட்டு, ஸ்பீக்கரில் சுபேசனின் குரல் காடு முழுக்கக் கேட்டது.

"நிலூ, நீர் எங்கை நிக்கிறீர்? நான் வேலை முடிஞ்சு ரெயினாலை இறங்க அம்மா ஸ்டேசன் வாங்கிலை குந்திக்கொண்டு இருக்கிறா. கூட்டிக்கொண்டு வீட்டை வந்திட்டன். ஒண்டும் இல்லை, சுகமா இருக்கிறா. அம்மா, இந்தாங்கோ, நிலூவோடை கதையுங்கோ."

போனுக்குள் மாமி மூச்சு வாங்குவது கேட்டது.

"ஆரது?" என்றார் மாமி.

"நான்தான்."

நிலூஜா வாய் திறக்கவில்லை.

பதில் மரத்துக்குக் கீழிருந்து வந்தது.

அவள் ஓடினாள். விழுந்தாள். எழும்பி ஓடினாள். பின்னால் எதுவும் துரத்தவில்லை. காலடிச் சத்தம்கூட இல்லை.

ஒரு குரல் மட்டும்.

"பிள்ளை... போறியோ?"

அதில் கோபம் இல்லை. அதுதான் இன்றைக்கும் தன்னை நித்திரை கொள்ள விடுவதில்லை என்று நிலூஜா சொல்கிறாள். பஸ் வெளிக்கிடும்போது வழியனுப்ப வந்தவர் கேட்பாரே, அப்படி இருந்ததாம்.

காட்டின் வாசலில் நாயோடு வந்துகொண்டிருந்த இங்கரின்மேல் போய் மோதினாள். இங்கர் கீழ்வீட்டில் தனியாக இருக்கிற நோர்வேக்காரி. எழுபது வயதைத் தாண்டியவள்.

"உள்ளே யாரோ இருக்கிறார்கள்" என்றாள் நிலூஜா நோர்வேஜிய மொழியில்.

"பெண்ணா?" என்று கேட்டாள் இங்கர். "என்ன சொன்னாள்?"

"ஓம் என்று... ஓம், ஓம் என்று..."

இங்கரின் முகம் வெளிறிவிட்டது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அவளைக் கைப்பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

மாமி போர்வைக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சுபேசன் மனைவியின் கன்னத்தைப் பார்த்தான். ஏசவில்லை.

"விழுந்திட்டீரோ?"

"ஓம்" என்றாள். தன் வாயில் வந்த சொல்லைக் கேட்டு யன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் இங்கர் வந்தாள். குசினியில், யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்கள் இங்கே குடிவருவதற்கு முந்தி நடந்தது" என்று தொடங்கினாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அடுத்த கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணின் தாய் மன்னாரிலிருந்து வந்திருந்தார். மக்டலீன் என்று பெயர். நோர்வேஜிய மொழியில் ஒரு சொல் தெரியாது. ஒக்டோபரில் ஒருநாள் நடக்கப் போனவர் திரும்பி வரவில்லை. பொலிஸ் தேடியது. நாய்கள் தேடின. மகள் தொண்டை கட்டுமளவுக்குக் கத்திக்கொண்டு திரிந்தாள். பனி உருகிய பிறகு, ஏப்ரலில்தான் கண்டெடுத்தார்கள். கிளைகள் நிலத்தைத் தொடுகிற ஒரு பெரிய மரத்தின் கீழே. காலெலும்பு முறிந்திருந்ததாம். பாதை அங்கிருந்து கூப்பிடு தூரம். மகளின் குடும்பம் பேர்கன் நகரத்துக்குப் போய்விட்டது.

"அவர் காணாமல்போன அன்று பின்னேரம் நான் அந்தப் பாதையால் வந்தேன்" என்றாள் இங்கர். "மரங்களுக்குள் ஒரு சத்தம் கேட்டது. யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். ஓம் என்று கேட்டது. திரும்பவும் கேட்டேன். ஓம், ஓம் என்றது."

கோப்பையைத் தூக்கிவிட்டுக் குடிக்காமல் வைத்தாள்.

"அந்த நாட்களில் ஒரு யோகாக் குழு அந்தக் காட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர்களில் ஒருவர் என்று நினைத்தேன். தியானத்தைக் குழப்பிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. சத்தம் போடாமல்... நுனிக்காலில் நடந்து போய்விட்டேன்."

நிலூஜா கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஏப்ரலில் பொலிஸிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யாரும் தேடவில்லை. எனக்கும் கேட்கப் பயம். உங்கள் மொழியில் அது என்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். கடவுளைக் கும்பிடுகிற சொல் என்று சொல்லியிருந்தால் இங்கர் நிம்மதியாகப் படுத்திருப்பாள். அந்தப் பொய்யும் முழுப்பொய் ஆகியிருக்காது. ஆனால் "போறியோ" என்ற குரல் நிலூஜாவின் காதுக்குள்ளேயே இருந்தது.

"யா" என்றாள் அவள், ஆமாம் என்பதற்கு நோர்வேக்காரர் சொல்கிற சொல்லை. "உங்கள் 'யா'தான் எங்கள் 'ஓம்'."

இங்கர் அழவில்லை. எழும்பி, கொழுவியிலிருந்து தன் கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னோடு வா."

மாமியைச் சுபேசன் பார்த்துக்கொண்டான். இருவரும் நாயோடு இறங்கியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஓடையைத் தாண்டியதும் நிலூஜா நின்றாள். அதற்கு மேல் அவள் கால்கள் போகவில்லை.

"அம்மா..." என்று கூப்பிட்டாள். "அம்மா, வாங்கோ. வீட்டை போவம்."

பதில் இல்லை.

காற்றும் இல்லை.

இங்கர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள். நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"யாராவது இருக்கிறீர்களா?"

அமைதி.

"யாராவது இருக்கிறீர்களா?"

"ஓம்..."

நாய் தலையைத் தூக்கியது. இங்கர் அதன் கயிற்றை நிலூஜாவின் கையில் கொடுத்தாள். பாதையை விட்டு இறங்கினாள். கிளைகளுக்குள் போய் மறைந்தாள்.

எவ்வளவு நேரம் என்று நிலூஜாவுக்குத் தெரியாது. வீட்டு விளக்குகள் எல்லாம் எரியத் தொடங்கிய பிறகு இங்கர் வந்தாள். அந்தக் குளிரில் மெல்லிய சட்டையோடு வந்தாள்.

"கோட் எங்கே?"

"கொடுத்துவிட்டேன்."

அதற்குமேல் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

நிலூஜா தனியே ஓடிவந்த இரவு விடிய விடியப் பனி கொட்டி அவள் தடங்களை மூடியிருந்தது. இங்கர் போய்வந்த இரவு பனி பெய்யவில்லை. அடுத்த நாள் நல்ல வெளிச்சத்தில் நிலூஜா சுபேசனைக் கூட்டிக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போனாள். பனியில் இங்கரின் காலடித் தடங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. போன தடமும் வந்த தடமும். வேறு ஒரு மனிதத் தடமோ மிருகத் தடமோ கிடையாது.

சுபேசன் கிளைகளை விலக்கிப் பிடித்தான். நிலூஜா குனிந்து உள்ளே பார்த்தாள்.

கோட் அங்கே இல்லை.